நாலு ஃபிரேம் பிந்தி

கொழும்பிலிருந்து வாடகைக்கு வந்த கேமராவுக்குள்
ஒரு கார்டு இருக்கிறது.
எதையும் இறுக்கிக் கட்டித்தான் அது உள்ளே வைக்கும்.
பனி ஒரே சாம்பல்,
தேயிலையின் பதினேழு பச்சைகள் நாலாகிவிடும்.
ஆகவேதான் நான்.
கேமராவின் விலாவிலிருந்து ஒரு கம்பி,
கம்பி நுனியில் ரெக்கார்டர்,
ரெக்கார்டரைக் கழுத்தில் மாட்டிய நான்,
மேலே அன்சார் பிடிக்கும் குடை.
குடை எனக்கில்லை.

முதல் நாளே மானம் போயிற்று.
வெளியே வரும் படத்தில்
எழுத்துகளை அணைக்க மறந்திருந்தேன்.
சிவபாக்கியம் அக்கா கூடையோடு ஏறிவரும் காட்சி முழுக்க
அவர் நெற்றியில் சிவப்பாய் ஒரு பேட்டரி,
கன்னத்தில் ஐ.எஸ்.ஓ. எண்ணூறு.
செல்வரதி திட்டவில்லை.
திரையைத் திருப்பி அக்காவிடமே காட்டினாள்.
"சார்ஜ் எறங்குறத
சரியாத்தான் காட்டுது" என்றார் அக்கா.

பொகவந்தலாவைக் குளிர் பேட்டரி தின்னும்.
இரண்டாம் நாளிலிருந்து
ரொட்டியையும் பேட்டரிகளையும் ஒரே துணியில் சுற்றி
வயிற்றோடு கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், நாலாம் நம்பர் மலை.
நிறுவைக் காட்சி.
முக்காலியில் தொங்கும் முள் தராசு இரவல்.
கணக்கப்பிள்ளை வேஷம்
தபால் கந்தோர் யோகராசாவுக்கு.
மீசையை முறுக்கி, கண்ணை உருட்டி,
மலையே கேட்கக் கத்தினார்:
"ரெண்டு கிலோ கழிவு!"
கட் என்றாள் செல்வரதி. எல்லோரும் தேத்தண்ணிக்குப் போனார்கள்.

கேமரா நின்றால் ரெக்கார்டரும் நிற்க வேண்டும்.
காலையில் பேட்டரி மாற்றியபோது
அந்த ஏற்பாடு கழன்றுபோனதை நான் கவனிக்கவில்லை.
விரல் விறைத்திருந்தது.
சிவப்புப் புள்ளி என் நெஞ்சில் எரிந்துகொண்டே இருந்தது.

தராசின் சொந்தக்காரர் வந்தார்.
உண்மையான வரிசை நகர்ந்தது.
வேஷத்துக்குக் கட்டிய அதே படங்கோடு
அக்காவும் நின்றார்.

இரவு நோர்வூட் அறையில்
இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்தேன்.
ரெக்கார்டர் எப்போதும் நாலு ஃபிரேம் பிந்தி.
இழுத்துப் பொருத்தினேன்.
கார்டில் காட்சி இரண்டு நிமிஷத்தோடு முடிகிறது.
மற்றதில் அது பாட்டுக்குப் போகிறது:
முள் பதினெட்டில் நிற்கிறது.
மீசையில்லாத அந்த மனிதர், உப்புக் கேட்கிற குரலில்,
"பதினாறு போட்டுக்கிறேன் அக்கா,
ரெண்டு தண்ணிக்கு" என்கிறார்.
பதினாறென்றால் அரைப்பேர்.
"பதினெட்டு" என்று அக்கா ஒரு தடவை சொல்வது
காற்றுக்கு நடுவே கேட்கிறது.
பேனா எழுதிவிட்டது.
ஓரத்தில், ஃபோகஸ் இல்லாமல்,
அன்சாரின் குடை.
மடக்கிக் கிடக்கிறது.
அன்றைக்குக் காலை முதல் ஒரு துளி இல்லை.

செல்வரதி மூன்று தரம் பார்த்தாள்.
யோகராசாவுக்கு எப்படிச் சொல்வது என்றாள்.
பிறகு, இது நம்முடையதில்லை,
அவரிடம் கேட்காமல் தொடக்கூடாது என்றாள்.

விடிய, பிரட்டுக்கு முன்னால்,
ஐந்து அங்குலத் திரையை அக்காவிடம் நீட்டினேன்.
தன் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.
"இந்த எடத்துல நிப்பாட்டி வைக்க ஏலுமா?"
நிறுத்தினேன்.
முள்ளின் மேல் விரலை வைத்தார்,
கொழுந்துக் கறை படிந்த நகம் எண்ணை மறைக்க,
எடுத்தார், மறுபடி வைத்தார்.
லயத்துப் பக்கம் திரும்பி ஒரு குரல்.
ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.
கை மாறி மாறிப் போயிற்று ரெக்கார்டர்,
அதன் பின்னால் கம்பியும்,
கம்பியின் பின்னால் நானும்.

திரையில் பேட்டரி சிவந்தது.
இது நிஜ பேட்டரி.

"இது தனியா ஓடுமா தம்பி,
நிறுவ நேரத்துல?"
கேட்டது அக்கா இல்லை,
பெயர் தெரியாத ஒருத்தி, காதில் பஞ்சு வைத்தவள்.
தனியே ஓடாது, கேமரா வேணும் என்றேன்.
வாடகை இன்று மாலை ஆறு மணி வரைக்கும்தான்
என்பதையும் சொன்னேன்.

"நிறுவ நாலரைக்கு" என்றாள்.
"அதையும் தூக்கிக்கிட்டு வா."